இரண்டு ஸ்பேன் கான்கிரீட் பாலம்: வெயில் கணக்கு நம் மலேசியாவுக்குத் தேவையா?

சிப்புட்காரன் · திங்கள், காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் ஆள். ஈப்போவில் சின்ன டிசைன் ஆபீசில் வேலை. எங்கள் ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் பழைய பாலம் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். 20 மீட்டரில் இரண்டு ஸ்பேன் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி). முன்வார்ப்பு பீம்களைத் தூக்கி உட்கார வைத்து, மேலே ஸ்லாப் போட்டு, நடுத் தூண் மேல் கான்கிரீட் ஊற்றி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிறோம். நடுவில் ஜாயிண்ட் கிடையாது.

வரைபடத்தைச் சரிபார்க்கிறவர் ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்: "வெப்பநிலைக் கணக்கைக் காட்டவும்." எங்கள் பாஸ் சிரிக்கிறார். "இங்கே வருஷம் முழுக்க ஒரே சூடு. பனியா விழுகிறது?" என்கிறார். நான் போட்டது இவ்வளவுதான்: 40 மீட்டர் பாலம், ஒரு டிகிரிக்கு மில்லியனில் 10 பங்கு நீளும் என்ற விரிவு எண், 20 டிகிரி வித்தியாசம். மொத்தம் 8 மி.மீ. அசைவு. இரண்டு முனையிலும் பிரித்துக்கொண்டால் ஒன்றுமே இல்லை. இது போதுமா?

சந்தேகப்பிள்ளை · திங்கள், காலை 9:02

தம்பி, 25 வருஷமாகக் குத்தகை எடுத்துச் செய்கிறேன். வெள்ளத்தில் மரம் அடித்துவந்து தூணில் மோதிப் பாலம் போனதைப் பார்த்திருக்கிறேன். செம்பனைக் குலையை அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்த லோரியால் ஸ்லாப் நொறுங்கியதைப் பார்த்திருக்கிறேன். வெயில் அடித்துப் போன பாலத்தை எனக்கு ஒருத்தர் காட்டட்டும், தே தாரிக் (இழுத்த டீ) நான் வாங்கித் தருகிறேன்.

கணக்குக்காரி · திங்கள், காலை 10:30

பாஸ் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியிலேயே நின்றுவிட்டார், அதுதான் பிரச்சினை.

வெப்பம் பாலத்துக்கு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, பாலம் முழுக்கச் சேர்ந்து சூடாவது, சேர்ந்து ஆறுவது. அதனால் நீளம் கூடும், குறையும். குளிர் நாடுகளில் இதுதான் பெரிய தலைவலி. நமக்கு அது சின்னது. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பநிலையே பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி வந்த 40.1 டிகிரிதான். சமவெளியில் விடியற்காலை 22, 23-க்குக் கீழே போவதே அபூர்வம். நீங்கள் போட்ட 8 மி.மீ. இந்தக் கணக்கு. சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் மேல் சூடு, அடி குளிர். மதியம் ஒரு மணிக்கு உங்கள் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்க முடியுமா? அதே நேரம் பீமின் அடிப்பக்கம் ஆற்று நிழலில் இருக்கிறது. கான்கிரீட் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. மேலே விழுந்த சூடு அடிக்கு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேல்பக்கக் கான்கிரீட்டுக்கு நீள ஆசை, அடிப்பக்கத்துக்கு ஆசையில்லை. பீம் வளையப் பார்க்கும். இதற்கு வருஷத்தின் உச்சமும் தாழ்வும் வேண்டாம், ஒரு நல்ல மதியம் போதும். நம் ஊரில் அது வாரத்துக்கு அஞ்சு நாள் கிடைக்கும்.

ஒற்றை ஸ்பேன் என்றால் அது பாட்டுக்கு வளைந்து நிமிர்ந்துகொள்ளும். நீங்கள் நடுத் தூணில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். வளைய விடாமல் பிடித்தால் அங்கே வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கப் பார்க்கும் விசையின் அளவு) பிறக்கும். சரிபார்க்கிறவர் கேட்பது அதைத்தான்.

ஒட்டுப்பால் · திங்கள், மதியம் 1:15

அந்த "வளைந்து நிமிர்ந்துகொள்ளும்" விஷயம் எனக்கு அனுபவம் இருக்கு. ஜேகேஆரில் (பொதுப்பணித் துறை) தெக்னிஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஆள் நான். தொண்ணூறுகளில் ஒரு ஒற்றை ஸ்பேன் பாலம், அதுவும் 20 மீட்டர் பக்கம்தான். தார் போடுவதற்கு முன்னால் நடுப்பகுதியில் லெவல் எடுக்கச் சொன்னேன். காலையில் பையன் ஒரு அளவு கொண்டுவந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி எடுத்தால் மூணு நாலு மில்லி கூட காட்டுது. பையனை நல்லா திட்டிவிட்டேன். மறுநாள் நானே எடுத்தேன். அதே கதை! அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, பசியாற மட்டும் கூட்டிக்கிட்டுப் போனேன்.

சிப்புட்காரன் · திங்கள், மாலை 6:40

ஐயா, அக்கா, நன்றி. அப்படியென்றால் கணக்கு எங்கே தொடங்குவது? என் குறுக்குவெட்டு, ஒரு பீமுக்கு: மேல் ஸ்லாப் 1.5 மீட்டர் அகலம், 0.2 மீட்டர் தடிமன். கீழே தண்டு 0.4 மீட்டர் அகலம், 1.0 மீட்டர் ஆழம். மொத்த ஆழம் 1.2. (உண்மையில் அடியில் கொஞ்சம் அகலும், எளிமைக்காக விட்டுவிட்டேன்.) மேலே 100 மி.மீ. தார். பரப்பு 0.70 சதுர மீட்டர், மையக்கோடு மேலிருந்து 0.443 மீட்டர், இரண்டாம் திருப்புமை (வெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) 0.096 மீ⁴. பத்துப் புத்தகம் திறந்தேன், பத்திலும் ஆழத்துக்கு ஆழம் வெப்பம் மாறும் வளைகோடுதான் இருக்கிறது, வழி இல்லை.

கணக்குக்காரி · திங்கள், இரவு 9:25

வளைகோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூட்டல் கழித்தல்தான்.

பழைய பிஎஸ் 5400-இல் (பிரிட்டிஷ் பால விதிநூல்) உங்கள் வகை பாலத்துக்கு, 100 மி.மீ. தாருக்கு: மேல் விளிம்பில் 13.5 டிகிரி. 0.15 மீட்டர் இறங்குவதற்குள் 3 டிகிரிக்கு விழுகிறது. அடுத்த 0.25 மீட்டரில் பூஜ்யம். நடுவில் ஒன்றுமில்லை. அடி விளிம்பில் காற்றுச் சூட்டால் 2.5 டிகிரி, அது 0.2 மீட்டர் உயரத்துக்குள் பூஜ்யமாகிவிடும். முதல் 15 சென்டிமீட்டரில்தான் முக்கால்வாசி கதையும் நடக்கிறது, பார்த்தீர்களா?

இப்போது பீமைப் படுக்கைப் படுக்கையாக வெட்டுங்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் சராசரி டிகிரியைப் பரப்பால் பெருக்குங்கள். உங்கள் வெட்டுக்கு நான் போட்டுப் பார்த்தேன். மேல் 0.15 மீட்டர் 1.856. அதன் கீழே ஸ்லாபின் மீதி 5 சென்டிமீட்டர் 0.203. தண்டின் மேல்பகுதி 0.096. அடிப்பகுதி 0.100. கூட்டினால் 2.255. இதைப் பரப்பால் வகுத்தால் 3.2 டிகிரி. அந்த அளவுக்குப் பீம் மொத்தமாக நீளும்.

அடுத்து ஒவ்வொரு படுக்கையையும் மையக்கோட்டிலிருந்து அதன் தூரத்தால் பெருக்குங்கள். அடிப் படுக்கைக்குக் குறி மாறும், மறக்காதீர்கள். கூட்டுத்தொகை 0.715 வரும். இரண்டாம் திருப்புமையால் வகுத்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 7.44 டிகிரி. இதுதான் பீம் கேட்கிற வளைவு.

ஒட்டுப்பால் ஐயாவின் லெவல் பையனுக்கு இங்கே நீதி கிடைக்கிறது. 7.44-ஐ விரிவு எண்ணால் பெருக்கி, 20 மீட்டரின் வர்க்கத்தால் பெருக்கி, எட்டால் வகுங்கள். 3.7 மி.மீ. பையன் எடுத்த அளவு சரி. (தார் இல்லாத ஸ்லாப், வேறு வெட்டு என்பதால் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் கணக்கு அந்த வட்டாரம்தான்.)

முழுக்கப் பிடித்துவைத்தால் வரும் திருப்பம்: நெகிழ்வு எண் (கான்கிரீட்டின் விறைப்பு) 34 கிகாபாஸ்கல் × மில்லியனுக்கு 10 × 0.715 = 243 கிலோநியூட்டன் மீட்டர். இரண்டு சம ஸ்பேனுக்கு நடுத் தூணில் அதன் ஒன்றரை மடங்கு. 365. மூன்று சம ஸ்பேன் என்றால் 1.2 மடங்காகக் குறையும். ஆக, இரண்டு ஸ்பேன்தான் மோசம்.

சிப்புட்காரன் · செவ்வாய், காலை 7:55

ராத்திரி ஒரு மணிவரை எக்செல்லில் உட்கார்ந்திருந்தேன். 365 எனக்கும் வந்துவிட்டது அக்கா! நடுத் தூணில் ஏற்கெனவே ஸ்லாபுக்குள் மேல்கம்பி இருக்கிறது. இந்த 365-ஐயும் அதோடு கூட்டி மேல்கம்பியை அதிகப்படுத்தினேன். வரைபடம் மாற்றியாச்சு.

தெம்பனிஸ் ஆள் · செவ்வாய், காலை 8:20

நிறுத்துங்கள்! மேல்கம்பி இல்லை, அடிக்கம்பி.

நடுத் தூணை மனசுக்குள் எடுத்துவிடுங்கள். 40 மீட்டர் பீம், மேல் சூடு. என்ன ஆகும்? ஆமை முதுகு மாதிரி நடுவில் எழும்பும். இப்போது நடுவைப் பிடித்துக் கீழே இழுத்துத் தூணில் உட்கார வையுங்கள். கீழே இழுப்பது என்றால் நடுவில் ஒரு பாரம் வைத்ததற்குச் சமம். பாரம் வைத்த பீமில் எந்தப் பக்கம் இழுவிசை? அடிப்பக்கம்.

தூண் மேல் எப்போதும் மேல்பக்கம்தான் இழுவை என்று படித்து வளர்ந்துவிட்டோம். லோரிக்கு அது சரி. வெயிலுக்கு நேர்மாறு. சிங்கப்பூரில் நான் பார்த்த வரைபடங்களிலும் இந்தத் தவறு வந்திருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. உங்கள் பாலத்தில் பீமின் சொந்த எடை, ஸ்லாபின் எடை இரண்டும் இணைப்பு இறுகுவதற்கு முன்பே ஒற்றை ஸ்பேனாக இறங்கிவிடும். நடுத் தூணில் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடிக்க அந்த எடை உதவாது. பின்னால் வரும் தார் எடை மட்டும்தான் உதவி. உங்கள் அகலத்துக்கு மீட்டருக்கு 3.45 கிலோநியூட்டன் வைத்தால் 172 கிலோநியூட்டன் மீட்டர். 365-இல் அதைக் கழித்தாலும் 190-க்கு மேல் மிஞ்சுகிறது. முன்னிறுக்கிய பீம் (உள்ளே கம்பியை இழுத்துக் கட்டியது) என்றால் காலப்போக்கில் மேல்நோக்கி வளையும் ஊர்வும் (நாளாக ஆகக் கான்கிரீட் மெல்ல உருமாறுவது) இதே பக்கம்தான் சேரும். லோரி வந்தால் இந்த இழுவை குறையுமே தவிர அதிகமாகாது. ஆகவே உங்கள் பாலத்தின் அந்த இடத்துக்கு மிக மோசமான நேரம், லோரிகள் எல்லாம் ஆலையில் வரிசையில் நிற்கிற ஆளில்லாத மதியம்.

சந்தேகப்பிள்ளை · செவ்வாய், காலை 10:11

எல்லாம் கேட்க நல்லா இருக்கு. ஆனால் இத்தனை காலம் இந்தக் கணக்கே போடாமல் கட்டிய பாலமெல்லாம் ஏன் விழவில்லை? பதில் சொல்லுங்கலா.

கணக்குக்காரி · செவ்வாய், மதியம் 12:40

நியாயமான கேள்வி. விழாது. அதுதான் இதன் குணம்.

லோரி எடையைத் தாங்காவிட்டால் பாலம் உடையும். லோரி "சரி, போதும்" என்று எடையைக் குறைத்துக்கொள்ளாது. வெயில் கொண்டுவருவது எடை இல்லை, அசைவு. கான்கிரீட் கீறிக்கொண்டு இடம் கொடுத்தால் திருப்பம் தானாகத் தளர்ந்துவிடும். ஆகவே இடிந்து விழும் கணக்கில் இதற்குப் பங்கு குறைவு. கீறலும் ஆயுளும்தான் விஷயம். கீறலில் தண்ணீர், தண்ணீரில் துரு, பத்து வருஷம் கழித்துக் கான்கிரீட் பொரிந்து கம்பி பல்லைக் காட்டும். அப்போது வெயிலை யாரும் நினைப்பதில்லை, சிமெண்டைத் திட்டுவோம்.

தே தாரிக்குக்கு உதாரணம் வேண்டும் என்றால் ஆக்லாந்தின் நியூமார்க்கெட் வயடக்ட். 1966-இல் திறந்தார்கள். வெயிலால் வரும் இந்த வளைவை டிசைனில் சரியாக எடுக்கவில்லை, கீறல் விட்டது. நைஜல் பிரீஸ்ட்லி என்ற பொறியாளர் அதை ஆராய்ந்துதான் நியூசிலாந்தின் வெப்பநிலை வளைகோடு பிறந்தது. மேலே 32 டிகிரி, 1.2 மீட்டர் ஆழத்தில் பூஜ்யம், இடையில் ஐந்தாம் படி வளைவு. ஒவ்வொரு 5 மி.மீ. தாருக்கும் மேல் அளவில் 1 டிகிரி கழிக்கலாம். 100 மி.மீ. தார் போட்டால் 12. பிரிட்டிஷ்காரர்களின் 13.5-க்குப் பக்கம். ஆனால் செலவு மிச்சம் என்று தாரை 50 மி.மீ. ஆக்கினால் 22-க்கு ஏறுகிறது. தோட்டப் பாலங்களில் யாரும் 100 போட்டு நான் பார்த்ததில்லை. சிப்புட்காரன், உங்கள் 100 காசு கைமாறும்போதும் 100-ஆக இருக்குமா என்று யோசியுங்கள்.

ஒட்டுப்பால் · செவ்வாய், மதியம் 2:05

நடுத் தூண் மேல் அடிப்பக்கம் கீறல்... இரண்டு பாலத்தில் பார்த்திருக்கேன். டயஃப்ராம் (தூண் மேல் பீம்களை இணைக்கும் குறுக்குச் சுவர்) முகத்தில் அடியிலிருந்து மேலே கிளம்பி, பாதியில் நின்றுவிடும். அப்போ நாங்க ரிப்போர்ட்டில் "வார்ப்புப் பலகையைச் சீக்கிரம் கழற்றிவிட்டார்கள்" என்று எழுதினோம். குத்தகைக்காரர் கத்தினார், நாங்க கேட்கலை. இப்போ இதைப் படிச்சா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.

சந்தேகப்பிள்ளை · செவ்வாய், மதியம் 2:31

அந்தக் குத்தகைக்காரர் நானாக இருந்தால் இப்போது வட்டியோடு கேட்பேன் 😄 சரி, தே தாரிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

லயத்துப்பையன் · செவ்வாய், மாலை 4:50

நான் யூடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவன், இரண்டாம் வருஷம். ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மூன்று மணிவரை கொளுத்தும், நாலு மணிக்கு மழை கொட்டும். அப்போது மேல் சட்டென்று குளிர்ந்துவிடுமே, உள்ளே சூடு இருக்குமே?

தெம்பனிஸ் ஆள் · செவ்வாய், மாலை 5:35

இரண்டாம் வருஷத்தில் இந்தக் கேள்வி! அதற்குத்தான் தலைகீழ் வளைகோடு இருக்கிறது. சிப்புட்காரனின் பீம் ஆழத்துக்கு மேலே 8 டிகிரி சொச்சமும் அடியில் 6 டிகிரி சொச்சமும் உள்ளேயைவிடக் குளிர்ச்சி. இரண்டு பக்கமும் குளிர்வதால் நிகர வளைவு சின்னது. ஆனால் மேல்தோல் சுருங்கப் பார்க்கும், உட்பகுதி விடாது, மேல்தோலில் இழுவை. ஸ்லாபில் கம்பி சரியாக இருந்தால் பயமில்லை.

வளைவு ஒரு புறம் இருக்கட்டும், இந்தத் "தோல் இழுவை" வகை அழுத்தம் ஒற்றை ஸ்பேனிலும் வரும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வெப்பக் கோடு நேராக இல்லை, பீமின் வெட்டோ தட்டையாகவே இருந்துதான் திரும்ப முடியும். மிச்சம் உள்ளேயே சண்டையாகத் தங்கிவிடும். அக்காவின் எண்களை வைத்தே போட்டேன். மதிய வெயிலில் மேல் விளிம்பில் 2.4 மெகாபாஸ்கல் அமுக்கம், தண்டின் மேல்பகுதியில் 1.2 இழுவை, அடி விளிம்பில் 1.7 அமுக்கம். நடுத் தூணின் அடியில் 365 கொடுக்கும் இழுவை 2.9. அதில் இந்த 1.7 போனால் நிகரம் 1.2. பாருங்கள், பீம் தனக்குத்தானே கொஞ்சம் உதவியும் செய்கிறது.

கணக்குக்காரி · செவ்வாய், இரவு 8:15

சிப்புட்காரன், கல் எங்கிருந்து வருகிறது? கேட்கக் காரணம் இருக்கிறது. நீங்கள் மில்லியனுக்கு 10 எடுத்தீர்கள், யூரோகோட் (ஐரோப்பிய விதிநூல்) அப்படித்தான் சொல்கிறது. பிஎஸ் 5400-இல் 12, சுண்ணாம்புக்கல் ஜல்லி என்றால் 9. கான்கிரீட்டின் பெரும்பகுதி கல்தானே, கல் எப்படி விரிகிறதோ அப்படித்தான் அதுவும். கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, மறுபக்கம் கருங்கல் மலை. லோரி எந்தக் குவாரியிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து உங்கள் 365, 328-ஆகவும் இருக்கலாம், 437-ஆகவும் இருக்கலாம்.

சிப்புட்காரன் · புதன், காலை 7:30

குவாரி இன்னும் முடிவாகவில்லை அக்கா. எனவே 12 எடுத்து 437-க்கே கம்பி போடுகிறேன். 365-க்கே மூன்று 25 மி.மீ. கம்பி வந்தது, இப்போது நான்கு. பாஸ் பார்த்தார். "வெயிலுக்கு நாலு கம்பியா?" என்றார். ஆமை முதுகைத் தாளில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, தாரையும் 50-க்குப் போட்டுப் பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பாஸுக்கு இது பெரிய பாராட்டு.

முனையில் ரப்பர் பேரிங் வைக்கிறோம். 40 மி.மீ. ரப்பர். ஒரு முனைக்கு வெப்பத்தால் 4 மி.மீ., அதாவது சராசரி நிலையிலிருந்து இரு பக்கமும் 2 மி.மீ. அசைவு. அது பெரிய விஷயம் இல்லை அல்லவா?

தெம்பனிஸ் ஆள் · புதன், காலை 8:45

இல்லை. 300-க்கு 400 மி.மீ. பேரிங்குக்கு அஞ்சு ஆறு கிலோநியூட்டன்தான் வரும். வெப்பத்தைவிட உலர்சுருக்கமும் ஊர்வும் அதை அதிகம் இழுக்கும்.

ஒட்டுப்பால் · புதன், காலை 11:20

ரப்பர் பேரிங் என்றதும் ஒன்று சொல்லணும். 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துப் பெல்ஹம் பாலத்துக்கு இரும்புத் தகடு அடுக்கிய இயற்கை ரப்பர் பேரிங் வச்சாங்க. அந்த வகையில் முன்னோடி அது. அந்த நாளில் உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் நம் நாட்டுப் பங்கு கொஞ்சமா? எங்க அப்பா நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் காலைப் பெயர்க் கணக்கு) போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர். அவர் வெட்டின பால்தான் என்று நான் சொல்லலை. சொல்லிக்க ஆசையா இருக்கு, அவ்வளவுதான்.

சிப்புட்காரன் · வியாழன், மாலை 6:10

இன்றைக்குச் சைட்டுக்குப் போயிருந்தேன். ஆபீசில் இருந்த வெப்பமானித் துப்பாக்கியை எடுத்துப் போனேன். பழைய பாலம், தார் மெல்லிசு. 2:20-க்குத் தார்மேல் 56. பீம் அடியில் 31. மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் "அண்ணே, பாலத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்கள்.

3:40-க்கு மழை பிடித்தது. பாலத்தின் அடியில் ஒதுங்கினேன். பதினைந்து நிமிஷம் கழித்து ஓடிப்போய்த் தார்மேல் பிடித்தால் 33. அடியில் அதே 31. நடுத் தூணை டார்ச் அடித்துப் பார்த்தேன், அது பழைய ஒற்றை ஸ்பேன் வகை, மேலே ஜாயிண்ட் கிழிந்து தண்ணீர் கொட்டுகிறது, கீறல் மட்டும் இல்லை. இணைக்காமல் விட்டதால் தப்பித்திருக்கிறது, ஜாயிண்டால் கெட்டிருக்கிறது.

50 மி.மீ. தாருக்கான கணக்கை இன்றிரவு போட்டு நாளை ஏற்றுகிறேன். லயத்துப்பையன், எக்செல் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள். அடிப் படுக்கையின் குறி மாறும் கட்டத்தை மஞ்சளில் காட்டியிருக்கிறேன்.

சந்தேகப்பிள்ளை · வியாழன், மாலை 6:32

அந்தத் துப்பாக்கி எத்தனை ரிங்கிட்?